முப்பத்திரண்டாவது டிராக்

மே 27, திங்கள்

இந்த நோட்டை வாங்கச் சொன்னவர் சர்க்கரை டாக்டர். தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதிவர வேண்டுமாம். காலை: இட்லி மூன்று. சரி, நான்கு. மதியம்: சாதம் ஒரு கரண்டி, கீரை, மோர். கரண்டியின் அளவை டாக்டர் சொல்லவில்லை.

சாப்பாட்டை மட்டும் எழுதினால் இவ்வளவு நல்ல தாள் வீணாகும். என் வாழ்க்கையில் இவை முக்கியமான மாதங்கள். பின்னால் யாராவது என்னைப் பற்றிப் புத்தகம் போட வந்தால் உதவட்டும் என்று மற்றதையும் எழுதிவைக்கிறேன்.

‘ஏழாவது வளையம்’ படம் எனக்கு உறுதியாகிவிட்டது. தமிழில் விண்வெளிப் படம். பாட்டே கிடையாது. டைரக்டர் நிகிலனுக்கு இருபத்தொன்பது வயது. “ஸ்பேஸ்ல யாரு சார் டூயட் பாடுவா, மூச்சு விடவே சிலிண்டர் வேணும்” என்று சொல்லிவிட்டான். ஆகவே பின்னணி இசையே தனி ஆல்பமாக வரப்போகிறது. ஐம்பத்திரண்டு பேர் வாசிக்கும் ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா. அட்டையில் ஒரே பெயர்: தேவ்ஷிக். பெற்றோர் வைத்தது தேவசிகாமணி.

நான்கு வருடமாக நான் சீரியலுக்கு இசை போட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியார் திரும்பிப் பார்த்தால் ஒரு ‘டொய்ங்’, மருமகள் திரும்பிப் பார்த்தால் இரண்டு. இந்த ஆல்பம் பேர் வாங்கினால் அதிலிருந்து மீள்வேன். இல்லையென்றால் சாகும்வரை டொய்ங்தான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 3, திங்கள்

தயாரிப்பாளர் பொன்னுரங்கம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். படத்தில் வரும் விண்கலத்தையும் அங்கேதான் கட்டினார்கள். போட்டோவில் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. ஜன்னலோர இருக்கைகளின் ரெக்சின் மட்டும் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. சேலம் போகும்போது என்று நினைக்கிறேன்.

படத்துக்கான முப்பத்தொரு இசைத் துண்டுகள் தயார். கருத்து, உணர்ச்சி எல்லாம் நான் சொல்லிவிடுவேன். அதை நொட்டேஷனாக எழுதுவது என் உதவியாளர் ஜெபஷீலா. நாகர்கோவில் பக்கம், சர்ச் கொயரில் வளர்ந்த பெண். பத்து வருடமாக என்னோடு இருக்கிறாள். எனக்கு நொட்டேஷன் எழுத நேரம் கிடைப்பதில்லை. படிக்கவும்.

மதியம்: சப்பாத்தி. தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று ரெக்கார்டிங். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆர்கெஸ்ட்ரா இருப்பது ஐரோப்பாவில் ஒரு நகரத்தில். அதன் பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. நாங்கள் இருப்பது சாலிகிராமத்தில், பெரிய டிவி முன்னால். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி, நமக்குப் பன்னிரண்டரை. ஐம்பத்திரண்டு பேரும் கறுப்பு உடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடத்தித்தரும் அம்மாள் வெள்ளை முடி, கையில் குச்சி. நானும் ஒரு குச்சி வாங்கி வைத்திருந்தேன்.

அப்போது பொன்னுரங்கம் பூசணிக்காய், தேங்காய், கற்பூரம், இரண்டு மாலைகளுடன் உள்ளே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க, இப்ப ராகு காலமில்லீங்களா?”

“அங்க மணி ஒம்பதுதான் சார்” என்றான் நிகிலன்.

“அவங்களுக்கு ஒம்பதுங்க. ராகு எனக்குத்தானுங்க.”

“சார், இது ஸ்பேஸ் படம்.”

“படம் ஸ்பேஸ்ல நடக்கட்டுமுங்க. ரெக்கார்டிங் சாலிகிராமத்துலதானுங்க நடக்குது.”

ஐம்பத்திரண்டு பேரை ஒரு மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னோம். அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் காரணம் கேட்டார். ‘கிரக நிலை’ என்று நிகிலன் சொல்லிவிட்டான். விண்வெளிப் படம் என்பதால் அவர்கள் மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகுதான் அடுத்த சிக்கல் வந்தது. ஒன்றரைக்கு முதலில் எதை வாசிக்கப் போகிறோம் என்று பொன்னுரங்கம் கேட்டார். முதல் ரீலில் பூமி அழிகிறது, எண்ணூறு கோடிப் பேர் சாகிறார்கள், அந்த இசைதான் முதலில் என்றேன்.

அவர் கையிலிருந்த கற்பூரத்தைக் கீழே வைத்தார். “மொத ரெக்கார்டிங்கே எழவுங்களா? எனக்கு மொதப் படமுங்க. மங்களமா ஒண்ணு வாசிச்சுப்போட்டு அப்புறம் எல்லாத்தையும் கொல்லுங்க, நான் வேண்டாங்கல.”

அவர் கேட்டது புதிதல்ல. முதல் ரெக்கார்டிங்கில் யாரும் சோகத்தைத் தொடமாட்டார்கள். கோடம்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பாட்டுள்ள படமாக இருந்தால் ஏதாவது ஒரு கல்யாணப் பாட்டில் ஆரம்பித்திருக்கலாம். இங்கே முப்பத்தொரு துண்டையும் புரட்டினோம், ஒன்றுகூட மங்களமில்லை. கடைசியில் தப்பிக்கும் ஒரே ஆளும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அழுகிறான். புதிதாக ஒன்று போட்டால்தான் உண்டு. ஒரு மணி நேரத்தில்.

“நீங்க போட்டுருவீங்க சார்” என்றார் பொன்னுரங்கம். “இல்லாட்டி இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க. வேற யாரையாச்சும் வெச்சுக்கூட.”

நான் யோசிப்பதற்காகப் பாத்ரூமுக்குப் போனேன். அங்கே அமைதியாக இருக்கும். இருபது நிமிடம் இருந்தேன்.

வெளியே வந்தபோது ஜெபஷீலா கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பழைய நோட்டு. “சார், எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அனுப்பட்டா?” என்றாள். ‘சந்தோஷமாக இருக்க வேண்டும், கம்பீரமாகவும் இருக்க வேண்டும்’ என்று நான் கருத்துச் சொன்னேன். அதற்குள் அனுப்பிவிட்டிருந்தாள்.

ஒன்று முப்பத்திரண்டுக்குத் தேங்காய் உடைத்தோம். வாசித்தார்கள். ஐம்பத்திரண்டே விநாடி. முதலில் வயோலாக்கள் மட்டும், தயங்கித் தயங்கி. பிறகு செல்லோ சேர்ந்தது. ஹார்ன்கள் எழுந்தபோது, யாரோ ஒருவர் வாசல் தாண்டி உள்ளே வருவதற்காக வீடே எழுந்து நிற்பது போலிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக் களைப்பு.

வெள்ளை முடி அம்மாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். யார் எழுதியது என்று கேட்கிறார், இன்னொரு முறை வாசிக்க ஆசைப்படுகிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“நம்ம சாருதானுங்க” என்று பொன்னுரங்கம் என்னைக் காட்டினார். நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் விளக்கத்துக்குள் போகவில்லை.

மீதி நேரமெல்லாம் குச்சியை வைத்து நானே நடத்தினேன். எங்கள் பக்கத்துக் கேமரா அணைந்திருந்தது என்று மாலையில்தான் சொன்னார்கள். இருந்தும் என் கை நின்ற இடத்தில் அவர்கள் சரியாக நின்றார்கள். இசைக்கு மொழி இல்லை என்பது உண்மைதான்.

கிளம்பும்போது ஜெபஷீலா தயங்கி நின்றாள். “சார், அது என் கல்யாணத்துக்கு எழுதி வச்சதாக்கும். எங்க கோயிலுக்குள்ள நான் நடந்து வரும்போ கொயர் வாசிக்கதுக்கு. படத்துல வராதுல்லா, பூசைக்குத்தானேன்னு குடுத்தேன். ஆல்பத்துல மட்டும் போட்டுராதீங்க சார்.”

“பூஜைத் தேங்காயை யாராவது படத்துல காட்டுவாங்களாம்மா?” என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

ஜூன் 13, வியாழன்

பூமி அழிந்தது. நான்கே டேக். மதியம்: தயிர் சாதம்.

ஜூலை 9, செவ்வாய்

ஆடியோ கம்பெனியில் கூட்டம். டிராக்குகளுக்கு நிகிலன் பெயர் வைத்திருக்கிறான். ‘ஆக்சிஜனின் கடைசிக் கடிதம்’, ‘ஈர்ப்பு விசைக்கு ஓர் இரங்கல்’, ‘யாருமற்ற சுற்றுப்பாதையில் ஒரு பல்துலக்கி’. கடைசியில் சொன்னது ஏழு நிமிடம் ஓடும்.

எல்லாம் முடிந்து டீ வந்தபோது பொன்னுரங்கம் எண்ணிக்கையைக் கூட்டினார். முப்பத்தொன்று. மூன்றும் ஒன்றும் நான்கு. “நாலு ராகுவோட நம்பருங்க” என்றார். அந்த மனிதருக்கும் ராகுவுக்கும் ஏதோ பழைய தகராறு இருக்கிறது.

ஒன்றைக் குறைத்து முப்பதாக்கலாம் என்றேன். முப்பது என்றால் மூன்று. அவர் பிறந்தது ஆறாம் தேதி. மூன்றும் ஆறும் ஜென்மப் பகையாம். முப்பத்திரண்டு என்றால் ஐந்து, அது எல்லோருக்கும் ஆகும். “அன்னைக்கு மங்களமா ஒண்ணு போட்டீங்கல்ல, அதச் சேத்துருங்க” என்றார்.

நான் எவ்வளவோ வாதாடினேன். “அது படத்துலயே இல்லையே” என்றேன். அப்புறம் டீ ஆறிவிட்டது.

பல்துலக்கியை இரண்டாக வெட்டினாலும் முப்பத்திரண்டு வரும் என்பது வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. உடனே போன் செய்ய எடுத்தேன். அந்த நேரம் பார்த்து சம்ப் கழுவ ஆள் வந்துவிட்டான்.

ஜெபஷீலாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

ஜூலை 10, புதன்

சொல்லவில்லை. அவளுக்கு லேசாகத் தலைவலி என்று யாரோ சொன்னார்கள்.

ஜூலை 22, திங்கள்

ஆல்பத்தின் அட்டை அச்சாகி வந்தது. கறுப்பு வானம், நடுவே விண்கலம், கீழே என் பெயர். அழகு. முப்பத்திரண்டாவது டிராக்குக்கு நிகிலன் ‘ஒளிவேகத்தின் முதல் கணம்’ என்று பெயர் வைத்திருக்கிறான். உள்ளே நன்றி சொல்லும் பட்டியலில் நாற்பத்தாறு பேர். ஜெபஷீலாவின் பெயர், பூசணிக்காய் கொண்டுவந்த வேன் டிரைவருக்கு அடுத்தபடியாக இருக்கிறது.

அவளே எடுத்துப் பார்த்துவிட்டாள். “முப்பத்தி ரெண்டா சார்?” என்று கேட்டாள். ராகுவின் நம்பரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். “செரி சார்” என்றாள். ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டாள். பத்து வருடத்தில் அவள் ஐந்து மணிக்குக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

கோபப்படவில்லை. எனக்கு அது நிம்மதி.

ஆகஸ்ட் 15, வியாழன்

படம் வெளியானது. வடபழனியில் முதல் காட்சி, நானும் சரளாவும். சரளா என் மனைவி, பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர். பூமி அழியும் இடத்தில் ஹீரோ முகம் முதல்முறை வருவதால் விசில், ஐந்து நிமிடம். அதற்குள் அழிந்து முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு பேரில் ஒருவர் வாசித்ததுகூடக் காதில் விழவில்லை.

“நடுவுல ஒரு இடத்துல கேட்டுச்சு” என்றாள் சரளா. அது பக்கத்து அரங்கிலிருந்து வந்த சத்தம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

படத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு விமர்சனத்தில் ‘பின்னணி இசை இருக்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். சீரியல் கம்பெனியிலிருந்து போன் வந்தது, புது மருமகள் வருகிறாளாம்.

காலை: எதுவும் இறங்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

சரளாவின் பள்ளித் தோழி மகளுக்குக் கல்யாணம், கொளத்தூர் மண்டபத்தில். மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் விளக்கையெல்லாம் அணைத்தார்கள். புகை விட்டார்கள். மைக்கில் ஒருவன், “அடுத்து நீங்கள் எல்லோரும் எதிர்பார்த்த ராக்கெட் மியூசிக்” என்றான்.

வயோலா கேட்டது. பிறகு செல்லோ. ஹார்ன் எழுந்தபோது மண்டபமே எழுந்து நின்றது. வாசலில் மாப்பிள்ளை, தலைக்கு மேல் டிரோன்.

ஆவணி பிறந்ததிலிருந்து எல்லாக் கல்யாணத்திலும் இதுதானாம். படம் பார்க்காதவர்களுக்கும் தெரிகிறது, ஆல்பத்தின் மற்ற முப்பத்தொன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. சரளா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். எழுபது பேராவது என்னோடு போட்டோ எடுத்திருப்பார்கள். மாப்பிள்ளையே மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

ஆட்டோவில் சரளா கேட்டாள். “இது நீங்க போட்டது மாதிரி இல்லையே.”

“ஏன்?”

“நல்லா இருக்கு.”

மதியம் சாப்பிட்டதை எழுத விரும்பவில்லை. இரண்டு ஜாங்கிரி.

செப்டம்பர் 19, வியாழன்

பொன்னுரங்கம் அடுத்த படத்துக்கு என்னைக் கேட்கிறார். விண்வெளி வேண்டாமாம். முழுக்க முழுக்கக் கல்யாணப் படம். “அதே மாதிரி மங்களமா பதினெட்டு ஐட்டமுங்க” என்றார். இன்னும் கையெழுத்தாகவில்லை, ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டார். சீரியல் கம்பெனிக்குப் போன் செய்து இனி வரமாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒரு கம்பீரம் வந்தது.

பிறகு பியானோ முன்னால் உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம். டொய்ங் வருகிறது.

செப்டம்பர் 23, திங்கள்

ஜெபஷீலாவுக்குப் போன் செய்தேன். கல்யாண வேலைக்காக லீவில் ஊருக்குப் போயிருக்கிறாள். அடுத்த மாதம் இருபத்து நான்காம் தேதி. மாப்பிள்ளை பெனிட்டோ மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டானாம். அதேபோல இன்னும் பதினெட்டு இருக்குமா என்று இயல்பாகக் கேட்டேன்.

“இல்ல சார். அது ஒண்ணுதான் உண்டும்.”

“அன்னைக்கு டக்குன்னு எடுத்துக் குடுத்தியேம்மா.”

“நீங்க பாத்ரூமுக்குள்ள அழுதது வெளிய கேட்டுச்சு சார். அதான் குடுத்தேன்.”

அங்கே குழாயில் சத்தம் வரும், வாஷர் போய்விட்டது என்றேன். “செரி சார், கல்யாணத்துக்கு வந்துருங்க” என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். இன்று நடந்ததில் எதையும் விடாமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பொன்னுரங்கமும் கூட வந்தார். கரூரிலிருந்து புது பஸ் ஒன்றை ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆகும் என்று அதிலேயே வந்துவிட்டார். சர்ச் வாசலில் இறங்கியபோதே கூட்டம் என்னைச் சூழ்ந்தது. ‘ராக்கெட் மியூசிக் சார் வந்தாச்சு.’ உள்ளே கொயர் பிள்ளைகள் வயலினைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதமாக அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் ஜெபஷீலா.

போதகர் வேதமணி என்னைத் தேடி வந்தார். அறுபது வயது, மென்மையான குரல். என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். பொன்னுரங்கமும் பின்னாலேயே வந்து நின்றார்.

“சார், கோயிலுக்குள்ள சினிமா மியூசிக் வாசிக்கக்கூடாதுன்னு எங்க சபையில தீர்மானம் உண்டும். இந்த மாசம் மட்டும் மூணு வீட்டுக்காரங்க இதே ராக்கெட் மியூசிக் வேணும்னு கேட்டாங்க, நான் முடியாதுன்னு சொல்லியாச்சு. இப்ப ஷீலாவும் இதைத்தான் வச்சிருக்கா. கேட்டா, இது நானே எழுதினதுங்கா. பிள்ளை பொய் சொல்லமாட்டா. ஆனா எல்லாத்துலயும் உங்க பேருல்லா கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வாசிச்சிரலாம். இது சினிமாவுக்குப் போட்டதா, அவ எழுதினதா?”

கேள்வி எளிமையானது. பதிலும் எனக்குத் தெரியும். பொன்னுரங்கம் பூரிப்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு ஐட்டம். நான் உதறிவிட்டு வந்த சீரியல். ஐம்பத்து நான்கு வயது.

“சினிமாங்கறதே கூட்டு முயற்சிதான் ஐயா” என்றேன்.

அவர் ஒரு நிமிடம் காத்திருந்தார். நான் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தேன். “அப்ப சினிமாதான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொயர் பிள்ளைகள் தாள்களை மடித்து வைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஜெபஷீலா எல்லோருக்கும் வாசிக்கிற வழக்கமான மெட்டுக்கு நடந்து வந்தாள். கீபோர்டில் ஒருவர் வாசித்தார். குறையொன்றும் இல்லை, நன்றாகவே வாசித்தார். வெள்ளைச் சேலை, தலையில் நெட்டு முக்காடு. அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். நான் முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். என்னைக் கடக்கும்போது அவள் திரும்பவில்லை. நான் ஒரு கேடுகெட்டவன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விருந்து மண்டபத்தில் வாழ்த்திப் பேச மைக்கைக் கொடுத்தார்கள். “அந்த இசை என்னுடையது இல்லை. ஒரு ஸ்வரம்கூட இல்லை. முழுக்க ஜெபஷீலா எழுதியது” என்று சொல்லிவிட்டேன்.

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது, கூரை இடிகிற மாதிரி. பொன்னுரங்கம் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார், கண்ணெல்லாம் தண்ணீர். “இந்த மனசு யாருக்குங்க வரும்? உதவிக்கு இருக்கற புள்ளைக்குத் தன் பேரையே சீதனமாக் குடுக்கறாருங்க.”

“இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்” என்றேன். கைதட்டல் இன்னும் கூடியது. நான் விளக்க விளக்க ஜனங்கள் உருகினார்கள். நான்காவது முறை சொன்னபோது ஒரு பாட்டாளிச் சங்கச் செயலாளர் எனக்குத் துண்டு போர்த்தினார்.

மேடையில் மாப்பிள்ளை பெனிட்டோவும் கைதட்டத் தொடங்கினான். பக்கத்தில் ஜெபஷீலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவள் மட்டும் கடைசிவரை தட்டவில்லை.

போதகர் என்னிடம் வந்து, “மரத்தடியில இதைத்தானே நான் கேட்டேன்” என்றார்.

அக்டோபர் 30, புதன்

நான் மைக்கில் பேசிய வீடியோ எல்லோர் போனிலும் சுற்றுகிறது. ‘தன்னடக்கத்தின் சிகரம்’ என்று தலைப்பு. தாம்பரத்தில் ஒரு மன்றம் எனக்குப் ‘பெருந்தன்மைச் செம்மல்’ பட்டம் கொடுக்கப்போகிறதாம்.

“உண்மையச் சொன்னதுக்கா பட்டம்?” என்றாள் சரளா. அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். “அப்ப இத்தனை வருஷமா என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் செம்மல்தான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டம் பிடித்தும் இருந்தது. இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 11, திங்கள்

காலையில் ஜெபஷீலாவும் பெனிட்டோவும் வீட்டுக்கு வந்தார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். சரளா காபி போட உள்ளே போனாள், ஆனால் கதவருகேயே நின்றுகொண்டாள்.

“ஊர்ல எல்லாரும், சாருக்க கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிட்டு வா, உனக்குப் பேரைத் தூக்கிக் குடுத்தாருல்லான்னு சொல்லுகாங்க சார்” என்றாள் ஜெபஷீலா. சிரிக்கவில்லை. “நான் அதுக்கு வரல.”

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். போதகருக்கு எழுதிய கடிதம், நான் எழுதுவது போல. நான்கே வரி. இன்ன இசையை முழுவதும் எழுதியவர் ஜெபஷீலா, படத்துக்கு அது எழுதப்படவில்லை, அவரிடமிருந்து நான் வாங்கிப் பயன்படுத்தினேன், ஆல்பத்தில் என் பெயர் இருப்பது தவறு.

“பேசினா தன்னடக்கம்னு சொல்லுகாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டா நம்புவாங்க. சனவரியில என் தங்கச்சிக்குக் கல்யாணம் சார். அவளாவது அதுக்கு நடந்து வரட்டும்.”

“ஆல்பத்துல பேரை மாத்தணும்னு கேக்கலையா?”

“கேட்டா நீங்க மாத்துவீங்களா சார்?”

பெனிட்டோ சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தாள் போதகரோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்குப் போகும், கரூருக்குப் போகும். இது மேடைப் பேச்சு இல்லை. வாங்கிப் பயன்படுத்தினேன் என்று நானே எழுதிக்கொடுப்பது. பேனாவைக் காணவில்லை என்றேன். சரளா உள்ளேயிருந்து, பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்புப் பேனாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

கையெழுத்துப் போட்டேன்.

ஜெபஷீலா எடுத்து முழுவதும் படித்தாள். “அந்த மியூசிக் எழுதின தேதி நீங்கதான் போடணும் சார். அதுக்கு எடம் விட்டுருக்கேன்.”

“எப்ப எழுதினே?” இதை அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“நாலு வருஷம் ஆச்சு, நவம்பர் இருபத்தி ரெண்டு. எங்களுக்கு நிச்சயம் பண்ணின அன்னைக்கு.” பெனிட்டோவைப் பார்த்தாள். “அதுக்குப் பெறவு ரெண்டு தடவை தேதி குறிச்சோம் சார். ரெண்டு தடவையும் சீரியல் வேலைன்னு நீங்க லீவு தரல.”

சரளா என்னைப் பார்த்தாள். நான் தேதியை எழுதினேன்.

அவர்கள் போன பிறகு பொன்னுரங்கத்தைப் போனில் கூப்பிட்டு, கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரிய வேண்டுமென்றால் என் வாயால் தெரியட்டும் என்று தோன்றியது. சரளா எதிரில் உட்கார்ந்திருந்தாள் என்பதும் ஒரு காரணம்.

முதலில் சிரித்தார். “சாருக்கு இந்தத் தன்னடக்கம்…” என்று ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். சிரிப்பு நின்றது. பட்டறையில் இரும்பு தட்டும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப அந்தப் பதினெட்டு ஐட்டமும் உங்களால ஆவாதுங்களா?”

“ஆகாது.”

“செரிங்க” என்றார். பிறகு, “அந்தப் புள்ளையோட நம்பர் குடுங்க” என்றார்.

கொடுத்தேன். சொல்லும்போது ஓர் எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டு, அவர் வைப்பதற்குள் திருத்திச் சொன்னேன்.